திம்புள்ள மலைச்சரிவும் சூழற்காப்புச் சட்டங்களும்

நுவரெலியாவுக்கும் அட்டனுக்கும் இடையே தலவாக்கலை, லிந்துலை, ஆகரப்பத்தனை முதலிய ஊர்களைத் தன்னகத்தே கொண்டு விளங்கும் உயர்நிலப் பகுதி திம்புள்ள எனப்படும். உலகத்தார் அப்பெயரைத் தேயிலையின் பெயராகவே அறிவர். தை, மாசி மாதங்களில் வீசும் வரண்ட குளிர்காற்றிலே அங்குப் பறிக்கப்படும் கொழுந்துக்குத் தனிமணம் உண்டு. ஆயின் வரலாற்று மாணவனுக்கு அப்பகுதி வேறொரு காரணத்தாலும் முக்கியமானது. காடழிந்தாற் காலநிலையும் கெடும் என்னும் கவலை, ஏறக்குறைய 150 ஆண்டுகளுக்கு முன்னரே இலங்கையின் மலைநாட்டைக் குறித்து எழுந்தது. அன்றுதொட்டுக் காட்டையும் மண்ணையும் நீரையும் காத்தற்பொருட்டு அரசினர் பல சட்டங்களை இயற்றினர். அவை எவற்றைக் காத்தன, எவரைக் காவாது விட்டன என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காடு அழிந்த வரலாற்றை முதற்கண் நோக்குவோம். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்டவியலாத காடுகளையும் தரிசு நிலங்களையும் முடிக்குரியனவாகக் கொள்ள வழிசெய்தது. அவ்வாறு முடிக்குரியனவான நிலங்கள் கோப்பித் துரைமாருக்கு விற்கப்பட்டன. கம்பளை, கண்டிப் பகுதிகளிலே தொடங்கிய கோப்பிச் செய்கை படிப்படியாக மேலேறி, 1860ஆம், 1870ஆம் ஆண்டுகளையொட்டித் திம்புள்ளயின் பெருங்காடுகளை அடைந்தது. மரம் வெட்டும் தொழிலிற் சிங்களக் கிராமத்தவர் பலர் ஈடுபட்டனர். எரித்த நிலத்திலே குழிவெட்டிக் கன்று நட்டுப் பேணியோர் பெரும்பாலும் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் ஆவர். 1869இல் இலைத்துரு நோய் கோப்பியைப் பற்றியது. அதனை ஆராய 1880இல் இங்கு வந்த மார்சல் வார்ட் என்னும் அறிஞர், இடையீடின்றி மலைமுழுதும் ஒரே பயிரை நட்டமையே நோய் காற்றோடு பரவுதற்கு ஏதுவாயிற்று என்று காட்டினார். காட்டை அழித்தமையால் வந்த கேட்டினை அறிவியல் முறையில் எடுத்துரைத்த முற்பட்ட ஆய்வுகளுள் இதுவும் ஒன்றாகும்.

இதற்குச் சிறிது முன்னரே, 1873இல், இலண்டனிலுள்ள கியூத் தாவரப் பூங்காவின் தலைவரான யோசேப்பு ஊக்கர், இலங்கை மலைக்காடுகள் வரையறையின்றி அழிக்கப்படுவதனால் நேரும் தீங்குகளைக் குடியேற்ற நாட்டு அமைச்சுக்கு எடுத்துரைத்தார். அதன் பயனாக 5,000 அடிக்கு மேலுள்ள முடிக்குரிய காடுகளை விற்றலாகாது என்னும் விதி ஏற்பட்டது. 1885இல் வனக் கட்டளைச் சட்டமும் 1887இல் வனத் திணைக்களமும் தோன்றின. இன்று ஹோட்டன் சமவெளியைச் சூழ்ந்து காடு எஞ்சியிருத்தற்கு அவ்விதி பெருந்துணையாயிற்று. அச்சமவெளி 1988இல் தேசிய வனம் ஆக்கப்பட்டது. 2010இல் சிவனொளிபாதமலைக் காட்டோடும் நக்கிள்ஸ் மலைத்தொடரோடும் சேர்ந்து உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது.

எனினும் திம்புள்ளத் தோட்டங்கள் ஏறத்தாழ 3,500 அடிக்கும் 5,500 அடிக்கும் இடைப்பட்டவை என்பது ஈண்டு நோக்கற்பாலது. மலையுச்சியைக் காத்த விதி, மக்கள் வாழும் சரிவைப் பெரும்பாலும் தன் எல்லைக்கு வெளியே விட்டது. 1875இல் இலங்கை முழுவதிலும் ஏறத்தாழ 1,000 ஏக்கராக இருந்த தேயிலை, 1895இல் 3 இலட்சம் ஏக்கரளவிற்குப் பரந்தது. களையைச் சுரண்டி நிலத்தை வெறுமையாக்கி வைத்தலே நல்ல பராமரிப்பு எனத் துரைமார் நெடுங்காலம் கருதினர். வெறுமையான சரிவிலே பருவமழை வீழ, மேல்மண் கரைந்து ஓடைவழியே மகாவலியைச் சேர்ந்தது. மண்ணரிப்பை ஆராய அமைந்த குழுவின் அறிக்கை 1931இல் வெளிவந்தது. 1947ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அக்கவலையை மிகுவித்தது. 1951இல் 25ஆம் இலக்க மண்காப்புச் சட்டம் நிறைவேறியது. மண்ணரிப்புக்கு உள்ளாகும் பிரதேசங்களை அறிவிக்கவும், அங்குக் கைக்கொள்ளவேண்டிய முறைகளை விதிக்கவும் அச்சட்டம் அதிகாரம் அளித்தது.

சட்டம் ஏட்டில் இருப்பது. அதனை நிலத்தில் எழுதியவர் தொழிலாளரே. சரிவுக்குக் குறுக்கே கான் வெட்டியவரும், கல்லடுக்கி வரம்பு கட்டியவரும், நிழலுக்கும் காற்றுத் தடைக்கும் சவுக்கு மரங்களை நட்டவரும் அவரேயாவர். தலவாக்கலை சென். கூம்ஸ் தோட்டத்தில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையம், பழந்தேயிலையைப் பிடுங்கியபின் புதுக்கன்று நடுமுன் குவாத்தமாலாப் புல் முதலியவற்றை வளர்த்து மண்ணைத் தேற்றவேண்டும் என வகுத்தது. அதனைச் செய்து முடித்ததும் அவர்தம் கைகளே. ஆயின் மண்காப்புச் சட்டம் பிறந்த காலத்தில், 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தாலும் 1949ஆம் ஆண்டுத் தேர்தற் சட்டத் திருத்தத்தாலும் அம்மக்களுட் பெரும்பாலோர் குடியுரிமையையும் வாக்குரிமையையும் இழந்திருந்தனர். மண்ணைக் காத்தவருக்கு அம்மண்ணைப் பற்றிப் பேசும் உரிமை இருக்கவில்லை.

பிற்காலத்திலே காவலுக்குரிய பொருளாக நீர் முன்வந்தது. ஆகரா ஓயாவும் நானு ஓயாவும் கொத்மலை ஓயாவோடு சேர்ந்து மகாவலியை அடைகின்றன. 1985இல் கொத்மலை அணை நிறைவுற்றபின், மேட்டுச் சரிவின் மண் அணையைத் தூர்த்துவிடாது காத்தல் அரசின் கவலையாயிற்று. தலவாக்கலையில் அமையவிருந்த மேற்கொத்மலை மின்திட்டத்தை, நீர்வீழ்ச்சிகள் வற்றும், மலை நிலைகுலையும் எனச் சூழலியலாளரும் மலையகத் தமிழ்க் கட்சிகளும் எதிர்த்தனர். 1980ஆம் ஆண்டுத் தேசிய சுற்றாடற் சட்டத்தின் வழியமைந்த விசாரணையில் அதற்கு அனுமதி மறுக்கப்பட்டது. பின்னர் நிபந்தனைகளோடு அனுமதி கிடைத்து, 150 மெகாவாற்று ஆற்றலுடன் 2012இல் அது இயங்கத் தொடங்கியது. சென். கிளையர் அருவியிற் பகற்பொழுதிலே ஓரளவு நீர் விடப்படுதல் அவ்வெதிர்ப்பின் பயனாகும். அணைக்காக இடம்பெயர்ந்த குடும்பங்களுக்குப் புதிய வீடுகளும் கட்டிக் கொடுக்கப்பட்டன.

அணைக்கு நிலம் வேண்டியபோது மக்களுக்கு மாற்றிடம் கிடைத்தது. மலையே சரியப்போகின்றது என்று அறிந்தபோது அவ்வாறு கிடைத்ததா? பதுளை மாவட்டத்துக் கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டம் இதற்கு விடை கூறும். அங்குள்ள லயங்கள் ஆபத்தானவை எனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. 2014 ஒக்டோபர் 29ஆம் நாட் காலையில் மலை சரிந்து லயங்களை மூடியது. எச்சரித்தும் மக்கள் பெயரவில்லையே என்பார் உளர். லயம் தொழிலாளருக்கு உரியதன்று. 1970ஆம் ஆண்டுகளில் அரசுடைமையான தோட்டங்கள் 1992 முதற் கம்பனிகளின் நிருவாகத்தில் உள்ளன. சொந்த நிலமும் வேறு வீடும் இல்லாதவன் எச்சரிக்கையைக் கேட்டு எங்கே செல்வான்? 2025 நவம்பரில் வீசிய தித்வா புயலின்போது நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்களிலே நேர்ந்த மண்சரிவுகள் இவ்வினாவை மீண்டும் எழுப்பின. புவி வெப்பமடையுந்தோறும் ஒருநாளிற் பொழியும் பெருமழை கடுமையாகும் என அறிஞர் கூறுதலின், இனி இது அடிக்கடி எழும் வினாவாகவே இருக்கும்.

மேற்கூறியவற்றால் ஓர் உண்மை புலனாகும். 1873இல் உச்சிக் காடும், 1951இல் மேல்மண்ணும், 1985இன் பின் அணைநீரும் காவலுக்குரியனவாயின. அக்காவல் பயனற்றதென்று கூறுதல் பொருந்தாது. எஞ்சிய காடே அதற்குச் சான்று. எனினும் சரிவில் வாழும் மனிதன் அப்பட்டியலில் உரிய இடம் பெறவில்லை. எந்தக் கான் அடைபட்டது, எந்தப் பாறையடியில் ஊற்றுக் கலங்கியது, எந்தச் சுவரில் வெடிப்புக் கண்டது என்பவற்றை முதலில் அறிபவன் அவனே. மண்சரிவு அபாயப் படத்திலே குறிக்கப்பட்ட லயங்களுக்கு மாற்றாகப் பாதுகாப்பான இடத்தில் உரிமைப் பத்திரத்தோடு நிலம் வழங்குதலும், மலையின் காவல் பற்றி முடிவு செய்யும் சபைகளிலே தோட்டமக்களுக்கு இடமளித்தலும் செய்யப்படல் வேண்டும். 1840ஆம் ஆண்டுச் சட்டம் பத்திரமில்லாதவரின் நிலத்தை முடிக்குரியதாக்கிற்று. அதே மலையிலே தலைமுறை தலைமுறையாக உழைத்தும் பத்திரமற்றே நிற்போருக்கு ஒரு பத்திரத்தை ஈதல், இன்றைய அரசு செய்யத்தக்க சூழற்காப்புப் பணிகளுள் தலையாயது எனலாம்.