மணற்பலகை

பாடசாலை என்றதும் கரும்பலகையும் வெண்கட்டியும் வாங்குமே நம் நினைவுக்கு வருகின்றன. இவை வருமுன் திண்ணைப் பள்ளிகளிலே உபாத்தியாயருக்கு உதவிய கருவிகள் மணலும் ஓலையும் எழுத்தாணியுமாம். இவற்றுள் மிக எளியதாகிய மணல், கடல் கடந்து சென்று அயல்நாட்டுக் கல்வி முறையொன்றுக்கு வித்தான வரலாற்றை நம் இளைஞர் பலர் அறியார். அதனை இம்மலரிலே சிறிது கூற விரும்புகின்றோம்.

1623ஆம் ஆண்டிலே பியெத்ரோ தெல்லா வல்லே என்னும் இத்தாலிய யாத்திரிகர் கன்னட நாட்டுக்கு வந்தார். அங்கே கோயில் மண்டபமொன்றில் நான்கு சிறுவர் கணக்குப் படிப்பதைக் கண்டு நின்றார். ஒருவன் பாடத்தின் ஓரடியை இராகத்தோடு பாடுவான். பாடிக்கொண்டே நிலத்திற் பரப்பிய நுண்மணலில் விரலால் எழுதுவான். மற்றை மூவரும் அவ்வாறே பாடி எழுதுவர். இடம் நிறைந்தால் அழித்துவிட்டுப் புதுமணல் தூவிக்கொள்வர். ஆசிரியர் அங்கில்லை. மறந்துபோனால் திருத்துவார் யார் என்று யாத்திரிகர் வினவினார். நால்வரும் ஒரே வேளையில் மறப்பது நடவாத காரியம் என்றனர் சிறுவர். கண்ணும் காதும் நாவும் கையும் ஒருங்கே தொழிற்படுவதை இங்கு நோக்குக. பிழை விட்டாற் பயமில்லை. உள்ளங்கையால் ஒருமுறை தடவினாற் போதும். செலவோ ஒரு சதமும் இல்லை.

நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேற் சென்றபின், ஸ்கொத்லாந்து நாட்டவராகிய அன்றூ பெல் பாதிரியார் 1787இல் சென்னைக்கு வந்தார். 1789இல் எழும்பூரில் ஐரோப்பியப் படைவீரரின் பிள்ளைகளுக்கென அமைந்த ஆண் அநாதைகள் விடுதியின் மேற்பார்வையை ஏற்றார். அங்கே அரிவரி வகுப்பு முன்னேறாமற் கிடந்தது. ஒருநாட் காலையில் குதிரையேறிச் செல்லும்போது, 'மலபார்ப் பள்ளிக்கூடம்' ஒன்றிலே பிள்ளைகள் நிலத்திலிருந்து மணலில் எழுதுவதைக் கண்டார். (தமிழரை மலபார் என்று குறிப்பது அக்கால ஐரோப்பியர் வழக்கம்.) உடனே தம் பள்ளியிலும் அவ்வாறு செய்யுமாறு பணித்தார். உதவியாசிரியர் உடன்படவில்லை, இது ஆகாத காரியம் என்றனர். புதுமுறை என்றாலே முகஞ்சுளிக்கும் உபாத்தியாயர் எக்காலத்தும் உளர் போலும்! பெல் அவர்களோடு வாதாடிக் காலங் கழிக்கவில்லை. ஜோன் பிறிஸ்கென் என்னும் எட்டு வயதுச் சிறுவனிடம் அவ்வகுப்பை ஒப்படைத்தார். ஆசிரியர் ஆகாதென்றதைச் சிறுவன் செய்து காட்டினான். பின்னர் மற்றை வகுப்புக்களிலும் மாணவர் மாணவருக்குக் கற்பிக்கும் ஒழுங்கு வந்தது.

நாடு திரும்பிய பெல் 1797இல் இலண்டனிலே இதனை நூலாக வெளியிட்டார். 'சென்னை முறை' என்னும் பெயரோடு அது பரவிற்று. 1832இல் அவர் இறந்தபோது வெஸ்ற்மின்ஸ்ரர் பேராலயத்திலே அடக்கஞ் செய்தனர். மணலை நம்மவரிடம் கண்டதாக அவரே எழுதியுள்ளார். மாணவன் கற்பித்தலையோ தம் கண்டுபிடிப்பென்றே கொண்டார். கன்னட நாட்டுச் சிறுவரை அறிந்த நமக்கு அது முற்றும் புதிதெனத் தோன்றவில்லை. திண்ணையிலே சட்டாம்பிள்ளை இருந்தவனே. யாழ்ப்பாணத்திலோ பழைய உபாத்தியாயரையே சட்டம்பியார் என்பர். பெல் கண்ட அத்திண்ணையின் உபாத்தியாயர் பெயரை எவரும் குறித்துவைக்கவில்லை.

இங்கிலாந்திலே இம்முறை விரும்பப்பட்டதற்குப் பெருங்காரணம் மலிவே. ஒரு மண்டபத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை வரிசையில் இருத்தி ஒரே ஆசிரியரைக் கொண்டு நடத்தலாயிற்று. கட்டளைக்கு எழுதி, கட்டளைக்கு நிறுத்தும் பிள்ளை இயந்திரத்தின் உறுப்புப் போலானான். திண்ணையிலே பிள்ளை ஒவ்வொன்றின் குலமும் குணமும் அறிந்த ஒருவர் அருகிலிருந்தார். அந்த ஒருவரைக் கப்பலேற்ற முடியவில்லை. 1846இல் அங்கே அரசாங்கம் மாணவ ஆசிரியரைப் பயிற்றும் திட்டத்தைத் தொடங்கியபின் சென்னை முறை மெல்ல மறைந்தது.

இவ்வாறு கூறுவதால் திண்ணையைக் குறையற்றதென்று நாம் போற்றுவதாக எண்ணற்க. பொருள் விளங்குமுன் நிகண்டை மனனஞ் செய்வித்தனர். கோதண்டம் முதலிய கொடிய தண்டனைகள் இருந்தன. எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் அத்திண்ணை திறந்திருக்கவில்லை. பெண்பிள்ளைகள் மிகச் சிலரே. 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய ஆறுமுக நாவலர், எளியதிலிருந்து அரியதற்குச் செல்லும் பாலபாடங்களை எழுதி அச்சிட்டார். மணலுக்குப் பின் நம் பிள்ளைகளுக்குக் கிடைத்த சிறந்த கருவி அதுவே என்பது நமது துணிபு.

மணலோ முற்றும் ஒழியவில்லை. விசயதசமியன்று ஏடு தொடக்கும்போது தட்டிற் பரப்பிய அரிசியிலே குழந்தையின் விரலைப் பிடித்து எழுதுவிக்கின்றோம். 1907இல் உரோமாபுரியிலே தம் முதற் பள்ளியைத் தொடங்கிய மரியா மொந்தசோரி அம்மையார், 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றினார். அவருடைய கருவிகளுள் ஒன்று மணற்காகிதத்தை வெட்டி ஒட்டிய எழுத்து. பிள்ளை அதனை விரலால் தடவிக்கொண்டே ஒலியைச் சொல்ல வேண்டும். எழும்பூரிலிருந்து அடையாறு அதிக தூரமன்று.