யாருக்கு இந்தப் படம்?

1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து சேலத்துச் சீமையின் பெரும்பகுதி கம்பெனியார் கைக்கு வந்தது. காப்டன் ரீடும், அவருக்கு உதவியாக வந்த தாமஸ் மன்றோவும் வயல் வயலாக அளக்கத் தொடங்கிவிட்டார்கள். எதற்கு என்கிறீர்களா? வரி போடத்தான்! அளவுக்காரர் பின்னால் கைகட்டி நின்ற குடியானவனுக்கு அந்தக் கணக்கை யார் விளக்கப் போகிறார்கள்?

சுதந்திரத்துக்குப் பிறகும் விரிவான நிலப்படங்கள் பல பூட்டுக்குள்ளேயே இருந்தன. 2005-ல் கொள்கை சற்று இளகியது. 2017-ல்தான், 50,000-ல் ஒன்றாகச் சுருக்கிய படங்களை இந்தியர் எவரும் கணிப்பொறியில் இலவசமாகப் பெற இந்திய சர்வே இலாகா வழி செய்தது.

நாமக்கல்லில் படிக்கும் பெண் ஒருத்தி இன்று திருமணிமுத்தாற்றின் போக்கை விரலால் தொடரலாம். படத்தில் நீலமாக இருக்கும் ஊர் ஏரி வெளியே வீட்டுமனையாகிவிட்டிருந்தால், ஏன் என்றும் கேட்கலாம்.