துவரும் புளியும்

ஆனி பிறந்தால் எங்கள் திருச்சுழிக் கடைத்தெருவில் நாவல்பழத்தைக் கூறு கட்டி வைத்திருப்பார்கள். உப்புத் தூவி நாலைந்து பழத்தை வாயில் போட்டுக் கொட்டையைத் துப்பிவிட்டு நாக்கை நீட்டிப் பார்த்தால் ஒரே ஊதா. நாக்கு தடித்துப்போய், கன்னத்தின் உள்பக்கம் ஒட்டி இழுக்கும். நிறமும் இழுப்பும் சேர்ந்தே வருகின்றன. தமிழில் இந்த இரண்டுக்கும் ஒரே சொல்தான்: துவர். துவர் என்றால் சிவப்பு; துவர் என்றால் துவர்ப்பும்தான். புத்தத் துறவிகள் உடுத்தியதைத் துவராடை என்றார்கள். பாக்குக்குத் துவர்க்காய் என்று ஒரு பெயர் உண்டு. சிவப்பு ஒயினை முதன்முதலாக ருசி பார்த்தபோது எனக்கு உடனே நினைவுக்கு வந்தது இந்தச் சொல்தான். சிவப்பு ஒயினுக்கும் வெள்ளை ஒயினுக்கும் என்ன வேறுபாடு என்று மேற்கே பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். அதில் பாதியைத் துவர், புளி என்ற இரண்டு சொல்லுக்குள் அடக்கிவிடலாம்.

திராட்சை எவ்வளவு கறுப்பாக இருந்தாலும், பிழிந்தால் வரும் சாற்றுக்குப் பெரும்பாலும் நிறம் கிடையாது. நிறமெல்லாம் தோலில் இருக்கிறது. தோலோடும் விதையோடும் சேர்த்துப் புளிக்கவிட்டால் சிவப்பு ஒயின். தோலை ஒதுக்கிவிட்டுச் சாற்றை மட்டும் புளிக்கவிட்டால் வெள்ளை ஒயின். தோலில் இருந்து நிறம் இறங்கும்போது கூடவே துவர்ப்பும் இறங்குகிறது. நிறத்தைத் தருவது ஆந்தோசயனின். நாவல் தோலுக்கு ஊதா தருவதும் அதே குடும்பத்து நிறமிதான். துவர்ப்பைத் தருவது டானின். டானின் எச்சிலில் உள்ள புரதத்தைக் கட்டிப் பிடித்துக்கொள்கிறது. எச்சிலின் வழுவழுப்பு போனதும் நாக்கு சொரசொரக்கிறது. நாவல்பழம் தின்றால் நடப்பதும் இதுவே.

துவர்ப்பை மேற்கே சுவை என்று ஏற்பதில்லை. இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, பிறகு 1908இல் ஜப்பானின் கிகுனே இக்கெடா கண்டுசொன்ன உமாமி, ஆக ஐந்து. துவர்ப்பைத் தொடுவுணர்வில் சேர்த்துவிட்டார்கள். அதனால்தான் சிவப்பு ஒயினின் துவர்ப்பைச் சொல்ல அவர்கள் துணிக்கடைக்குப் போகிறார்கள்: பட்டு, வெல்வெட்டு, முரட்டுத் துணி. நம் அறுசுவையில் துவர்ப்புக்குத் தனி இருக்கை உண்டு. உடற்கூற்றின்படி அவர்கள் பிரிப்பு சரியாகவே இருக்கட்டும். ருசித்துச் சொல்ல வேண்டியவருக்கு நம் பிரிப்புதான் கைகொடுக்கிறது. நுங்கின் தோலை உரிக்காமல் தின்றால் ஒரு துவர்ப்பு, லேசாக வந்து போய்விடும். வாழைக்காயைப் பச்சையாகக் கடித்தால் வருவது மாவு மாவாக ஈறில் அப்பிக்கொள்ளும். பாக்கின் துவர்ப்பு மெல்ல மெல்ல ஏறி வெகுநேரம் நிற்கும். கருவேலம்பட்டையால் பல் விளக்கியவர்களுக்கு அதன் துவர்ப்பைச் சொல்லித் தர வேண்டியதில்லை, வாயையே சுருட்டிவிடும். இளம் சிவப்பு ஒயினில் வேலம்பட்டை தெரியும். நல்ல ஒயின் புட்டியிலேயே சில ஆண்டுகள் கிடந்தால் அது பாக்காகி, பிறகு நுங்குத் தோலாகத் தணியும். பட்டு, வெல்வெட்டு என்பதைவிட இந்த வரிசை எனக்குத் துல்லியமாகப் படுகிறது.

வெள்ளை ஒயினின் முதுகெலும்பு புளிப்பு. சிவப்பிலும் புளிப்பு உண்டு. வெள்ளையில் துவர்ப்பு மிகக் குறைவு என்பதால் புளிப்பு தனித்து நின்று பேசுகிறது. திராட்சையின் புளிப்புக்கு முதல் காரணம் டார்டாரிக் அமிலம். பழங்களில் இது அவ்வளவாகக் கிடைப்பதில்லை. ஆனால் அது நிறைந்த பழம் ஒன்று நம் ஒவ்வொருவர் வீட்டுப் பானையிலும் இருக்கிறது: புளி. வெள்ளை ஒயினைக் குடித்துப் பழகாத தமிழ் நாக்குக்கும் அந்தப் புளிப்பு புதியதல்ல. எலுமிச்சைப் புளிப்பைவிடப் புளியம்பழத்தின் புளிப்புக்கே அது உறவு.

வாயில் இவை இரண்டும் செய்யும் வேலை நேர் எதிரானது. துவர்ப்பு எச்சிலை வற்றவைக்கிறது. புளிப்பு எச்சிலை ஊறவைக்கிறது. ஒரு மிடறு எடுத்து வாயைக் கழுவினாற்போல் சுழற்றித் துப்பிவிட்டு, நாக்கின் அடியில் என்ன நடக்கிறது என்று பத்து நொடி கவனித்தால், எது சிவப்பு எது வெள்ளை என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம்.

சென்ற ஆடியில் இதைச் சோதித்துப் பார்த்தேன். நாசிக்கில் செய்த புட்டிகள் இரண்டு. ஒன்று ஷிராஸ், சிவப்பு. மற்றது சோவினோன் பிளாங்க், வெள்ளை. கூட உட்கார்ந்தவர் எங்கள் தெருவில் முப்பது ஆண்டு பனையேறி ஓய்ந்த மாமா ஒருவர். அவரைக் கூப்பிட்டதற்குக் காரணம் உண்டு. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவி மரத்தில் கட்டினால் பதநீர், தடவாவிட்டால் கள். சுண்ணாம்பு கூடினால் தொண்டையைக் காந்தும், குறைந்தால் உச்சிவெயிலுக்குள் புளிப்பு ஏறிவிடும். இதை ஓலைப்பட்டையில் ஊற்றி ஒரு வாய் பார்த்தே சொல்லிவிடுவார். புளிப்பு தட்டிய பதநீரைக் காய்ச்சினால் கருப்பட்டி உறையாது என்பதால் அந்த ஒரு வாயில் அன்றைய கூலியே அடங்கியிருந்தது. பிரான்ஸின் போர்தோவில் ஒயின் பாதாள அறையில் ருசி பார்ப்பவருக்கும் இதைவிடப் பெரிய பொறுப்பு இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

ஆடிக்காற்றில் திண்ணையில் வாசனை நிற்காது என்பதால் பட்டாசாலைக்குள் உட்கார்ந்தோம். எது எந்தத் திராட்சை என்று நான் எதுவும் சொல்லவில்லை. முதலில் சிவப்பு. வாயில் வைத்துத் துப்பிவிட்டுச் சற்று நேரம் நாக்கை அண்ணத்தில் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“இது நாக்கைப் பிடிக்குது மாப்ளே. வேலம்பட்டை கணக்கா.”

அடுத்து வெள்ளை. “இதுல பல்லுதான் கூசுது. வாயில தண்ணி ஊறிக்கிட்டே இருக்கு.”

பிடிப்பது, கூசுவது. சிவப்பும் வெள்ளையும் எப்படி வேறுபடுகின்றன என்பதற்கு நான் படித்த விளக்கங்களில் இத்தனை சிக்கனமானது இல்லை.

குடியால் அழிந்த குடும்பங்கள் எங்கள் பக்கத்தில் தெருவுக்குத் தெரு உண்டு. அந்த வலி தெரிந்தே இதை எழுதுகிறேன். ருசி பார்ப்பது என்பது இரண்டு மிடறு. தொழிலாகச் செய்பவர்கள் அதையும் துப்பிவிடுகிறார்கள்.

ருசி பார்ப்பதில் வாயைவிட மூக்குக்கு வேலை அதிகம். கலிஃபோர்னியாவில் டேவிஸ் நகரத்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆன் நோபல் 1984இல் ஒயினின் மணங்களை ஒரு சக்கரமாக வகுத்து வெளியிட்டார். உள்வட்டத்தில் பழம், பூ, மசாலா, மண் எனப் பொதுப்பெயர். வெளிவட்டத்தில் இன்ன பழம், இன்ன பூ. ‘அருமை’, ‘கம்பீரம்’ என்று பேசிக்கொண்டிருந்தவர்களை இழுத்து வந்து, ‘என்ன வாசனை அடிக்கிறது, அதைச் சொல்’ என்று நிறுத்திய பெரிய காரியம் அது. ஆனால் வெளிவட்டத்தில் இருக்கும் பிளாக்பெர்ரியையும் ஆஸ்பராகஸையும் திருச்சுழியில் யார் முகர்ந்து பார்த்திருக்கிறார்கள்? பார்த்தே இராத பழத்தின் பெயரை மனப்பாடம் செய்து ஒப்பித்தால் அது ருசியறிதல் ஆகாது. நோபல் சொன்ன வழியே இதற்கு மருந்து: பொருளைக் கையில் எடுத்து, சாதாரண ஒயினில் கொஞ்சம் போட்டு, முகர்ந்து பழகு என்றார். அந்தப் பொருளை எந்த ஊர்க் கடையில் வாங்கினால் என்ன?

ஆகவே கிண்ணங்களில் நம் சரக்கை வைத்தேன். நசுக்கிய நாவல், அரைநெல்லி, தட்டிய மிளகு, இடித்த மல்லிவிதை, ஒரு கை மல்லிகை அரும்பு. தேர்வு வெறும் ஊர்ப்பற்றால் அல்ல. ஷிராஸில் சில வேளை மிளகு மணக்கிறதே, அது ஏன் என்று 2008இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டார்கள். ரோடன்டோன் என்ற பொருள். மிளகிலும் அதே பொருள்தான் மணக்கிறது. மஸ்கட் வகைத் திராட்சையில் செய்த வெள்ளை ஒயினின் பூ மணத்துக்கு முக்கியமான காரணம் லினலூல். மல்லிவிதை எண்ணெயில் பெரும்பங்கு லினலூல்தான், மல்லிகையிலும் அது இருக்கிறது. கரிசல்காட்டில் மல்லி விதைத்து, அருப்புக்கோட்டைச் சந்தையில் மல்லிகை விற்கும் ஒருவருக்கு மஸ்கட் ஒயினின் மணம் இரண்டு பக்கமும் சொந்தம். ஊரின் பெயரையே அரும்புக்கோட்டை என்று விளக்குகிறவர்களும் உண்டு.

மணத்தால் பெயர் வைக்கும் பழக்கமும் நமக்குப் புதிதல்ல. கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் கறுப்புத் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் என்ற வகை. பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் 1832இல் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்பது அதன் வரலாறு. இறக்குமதிப் பெயர் நம் வாயில் நிற்கவில்லை. முகர்ந்து பார்த்துப் ‘பன்னீர்’ என்று வைத்துவிட்டார்கள். அந்தப் பெயரோடுதான் 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ரோஜா மணம் என்று ஒயின் நூல்கள் மஸ்கட்டுக்கு எழுதும் குறிப்பை நம் திராட்சைத் தோட்டக்காரர் பழத்தின் பெயராகவே ஆக்கிவிட்டார்.

கெட்ட வாடைகளுக்கு நம்மிடம் இருக்கும் சொல்வளத்தைப் பார்த்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. கவிச்சி, முடை, சிக்கு, ஊசல், வீச்சம், நெடி: எதையும் ‘இன்னதைப் போல’ என்று சொல்லத் தேவையில்லாத தனிச்சொற்கள். தக்கையில் பூசணம் ஏறிக் கெட்ட ஒயினை ‘நனைந்த அட்டைப்பெட்டி’ என்கிறார்கள். நமக்கு அது மழையில் நனைந்து மக்கிய சாக்கு. ஒயின் காற்றுப்பட்டுப் புளித்துவிட்டால் ஒரே சொல், காடி. 2009இல் ஜப்பான் ஆய்வாளர்கள் சிவப்பு ஒயினில் கரைந்துள்ள இரும்பு, கடல் உணவோடு சேரும்போது மீன்வாடையைக் கிளப்புகிறது என்று காட்டினார்கள். அவர்கள் ஒரு சொற்றொடரில் சொன்னதை நாம் ‘கவிச்சி ஏறுது’ என்று முடித்துவிடுவோம்.

இங்கே சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. ஆட்டுக்கறிச் சுக்காவுக்குச் சிவப்பு பொருந்துகிறது. கறியின் புரதமும் கொழுப்பும் டானினுக்கு இரை கொடுத்துவிடுவதால் நாக்கு தப்பித்துக்கொள்கிறது. காரம் கூடினால் கதை மாறும். துவர்ப்பும் உறைப்பும் சேர்ந்து எரியும். கருவாட்டுக் குழம்புக்குச் சிவப்பு ஆகவே ஆகாது. வெள்ளையும் ஆகாது என்பது என் கட்சி. குழம்பின் புளிப்பு ஒயினின் புளிப்பை மிஞ்சிவிடுவதால் ஒயின் சப்பென்று ஆகிவிடும். வறுத்த மீனுக்கு வெள்ளை, சரி.

இவ்வளவு துல்லியமாகப் பேசும் மூக்கையும் கண் ஏமாற்றிவிடும். போர்தோவில் மோரோ, பிரோஷே, துபூர்டியூ மூவரும் செய்து 2001இல் வெளியிட்ட சோதனை இது. ஒயின் படிப்பு மாணவர்கள் 54 பேருக்கு ஒரு வெள்ளை ஒயினையும் ஒரு சிவப்பு ஒயினையும் கொடுத்து மணத்தை எழுதச் சொன்னார்கள். பிறகு ஒருநாள் அதே வெள்ளையையும், மணமற்ற சிவப்புச் சாயம் கலந்த அதே வெள்ளையையும் கொடுத்தார்கள். சாயம் போட்ட வெள்ளைக்கு மாணவர்கள் சிவப்பு ஒயினுக்கு உரிய சொற்களையே எடுத்தார்கள். சிவப்பைச் சொல்லச் சிவந்த, கருத்த பொருள்கள். வெள்ளையைச் சொல்ல வெளிர்மஞ்சள் பொருள்கள். நான் நாவலையும் மல்லிகையையும் எடுத்து வைத்ததும் அப்படித்தானா என்று என்னையே கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. சாயத்தால் மூக்கு ஏமாறலாம். சாயத்தில் டானின் இல்லை. பிடிப்பதையும் கூசுவதையும் நான் முன்னால் வைப்பதற்கு இதுவே காரணம்.

நிறத்தை விட்டுவிட்டு ஒயினைச் சொன்ன ஒருவர் நம்மிடம் இருந்தார். புறநானூற்றின் 56ஆம் பாட்டில் நக்கீரர், பாண்டியன் நன்மாறனுக்கு யவனர் கொண்டுவந்த தேறலைப் பேசுகிறார். அதன் கலத்தைச் சொல்கிறார், குளிர்ச்சியைச் சொல்கிறார், மணத்தைச் சொல்கிறார். சிவப்பா வெள்ளையா என்று சொல்லவில்லை. தேறல் என்றாலே தெளிந்தது. அத்தகைய கலங்களின் உடைந்த ஓடுகள் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டிலும், இராமநாதபுரம் மாவட்டத்து அழகன்குளத்திலும் கிடைத்திருக்கின்றன. திருச்சுழியைத் தொட்டு ஓடும் குண்டாறும் அந்த மாவட்டத்தின் வழியாகத்தான் கடலுக்குப் போகிறது.

நக்கீரர் சொன்ன குளிர்ச்சிக்கு எங்கள் ஊரில் தனிக் கவனம் வேண்டும். வெள்ளையை நன்றாகக் குளிரவைக்க வேண்டும், சிவப்பை ‘அறை வெப்பத்தில்’ ஊற்றலாம் என்று நூல்களில் இருக்கும். அந்த அறை ஐரோப்பாவில் பதினேழு, பதினெட்டு டிகிரி அறை. நம் அறையில் வைத்த சிவப்பில் சாராய நெடிதான் முதலில் மூக்கில் ஏறும், பழம் பின்னால் ஒளிந்துகொள்ளும். நான் வெள்ளையைக் குளிர்பெட்டியிலும், சிவப்பை ஈரச் சாக்கு சுற்றிய மண்பானைத் தண்ணீரிலும் வைத்திருந்தேன். அப்படியும் போதவில்லை. கடைசியில் சிவப்பையும் கால்மணி நேரம் குளிர்பெட்டிக்குள் வைத்த பிறகே நாவல் வெளியே வந்தது.

மாமா கிண்ணங்களை ஒவ்வொன்றாக முகர்ந்து, வெள்ளைக்கு அரைநெல்லியையும் சிவப்புக்கு நாவலையும் நகர்த்தி வைத்தார். மிளகைத் தள்ளிவிட்டார். சிவப்பில் இன்னொன்று இருக்கிறது, பிடிபடவில்லை என்றார். இருட்டியதும் வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் வந்தார். கழுவாத தம்ளர்கள் அப்படியே இருந்தன. வெள்ளை ஊற்றியதில் ஒன்றுமில்லை. சிவப்பு ஊற்றியதன் அடியில் ஊதாக் கறை காய்ந்திருந்தது. அதை வெகுநேரம் மூக்கருகே பிடித்திருந்தார்.

“நேத்து சொல்ல வரல. கொப்பரை போட்டு வச்ச பெட்டி மாப்ளே.”

புட்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். ஓக் மரப் பீப்பாயில் வைத்திருந்தது என்று பின்பக்கச் சீட்டில் இருந்தது. ஓக் மரத்திலிருந்து ஒயினில் இறங்கும் லாக்டோனின் மணம் தேங்காய் மணம்.