ஒரு வசனத்துக்குள் அடங்காத ஆறு ஆண்டுகள்

எங்கள் கல்லூரியின் வரலாறு எழுதப்பட்ட போதெல்லாம் 1990க்கும் 1996க்கும் இடைப்பட்ட காலம் ஒரே வசனத்தில் கடந்து போயிருக்கிறது. நாட்டில் நிலவிய அசாதாரண சூழ்நிலை காரணமாகக் கல்லூரியின் செயற்பாடுகள் பாதிக்கப்பட்டன என்பதே அது. அதற்கு முந்திய காலத்துக்கு அதிபர்களின் படங்கள் உண்டு, அடிக்கல் நாட்டிய திகதிகள் உண்டு, கிண்ணத்தோடு நிற்கும் வலைப்பந்தாட்ட அணிகள் உண்டு. பிந்திய காலத்துக்கும் உண்டு. இடையில் அந்த ஒரு வசனம். பாடசாலை நாட்களின் மறக்க முடியாத தருணங்களை எழுதித் தருமாறு மலர்க்குழு எங்கள் வகுப்பைக் கேட்டபோது, எங்களிடம் இருந்தவையெல்லாம் அந்த வசனத்துக்குள்தான் இருந்தன.

நாங்கள் 1994 டிசெம்பரில் சாதாரண தரமும் 1997இல் உயர்தரமும் எழுதியவர்கள். 1990 யூனில் யுத்தம் மீண்டும் தொடங்கியபோது ஆண்டு 7இல் இருந்தோம். யாழ்தேவி அந்த மாதத்தோடு நின்றது. மின்சாரமும் போயிற்று. பிறகு பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், மண்ணெண்ணெய், பற்றரி, சீமெந்து, உரம் என்று நீண்ட பட்டியல். கிடைத்தால் யானை விலை, குதிரை விலை.

இன்றைய மாணவிகளுக்கு ஜாம் போத்தல் விளக்கைச் சொல்லித்தான் விளங்க வைக்க வேண்டும். வெறும் ஜாம் போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய், சைக்கிள் ரியூப்பின் வால்வுக்குள்ளால் இழுத்துவிட்ட திரி. போத்தலே சிமினி. சுடர் சுண்டுவிரல் நகமளவு. அந்த வெளிச்சத்துக்குள் புத்தகமும் கொப்பியும் இரண்டு தலைகளும் அடங்க வேண்டும். அக்காவும் தங்கையும் ஒரே விளக்கில் படித்தால் சண்டை நிச்சயம். காலையில் முகம் கழுவினால் மூக்குக்குள்ளிருந்து கரி வரும். வைத்தியத் தொழிலுக்கு வந்த எங்களில் சிலர், அடைத்த அறைக்குள் மண்ணெண்ணெய்ப் புகை சுவாசப்பைக்கு என்ன செய்யும் என்பதை விரிவுரையில் கேட்டபோது ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டோம். வகுப்பில் ஒருத்தியின் முன்மயிர் கருகியிருந்தால் அவள் உண்மையாகவே படிக்கிறாள் என்று அர்த்தம். அதை மறைக்க வழியில்லை.

வெள்ளைச் சீருடை மட்டும் மாறவில்லை. சவர்க்காரம் இல்லாத மாதங்களில் அம்மாமார் பனம்பழக் களியைப் போட்டுத் தோய்த்தார்கள். அழுக்குப் போகும், வாசம் போகாது. கொடியில் காயும் சட்டையை மாடு வந்து சப்பிவிடும் என்று யாராவது ஒருவர் காவல் இருக்க வேண்டும். சீருடை பழுப்பாக இருக்கிறதென்று மாணவ முதல்வர்கள் யாரையும் மறித்ததாக நினைவில்லை. சப்பாத்து விடயத்தில் மட்டும் கடைசிவரை கண்டிப்புத்தான். ஏனென்று இன்றுவரை விளங்கவில்லை.

பாடசாலை எப்படி நடந்தது? மணியாகத் தொங்கிய தண்டவாளத் துண்டுக்கு மின்சாரம் தேவைப்படவில்லை. (ஊரில் கிடந்த மிச்சத் தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பங்கர்களுக்குப் போய்விட்டன. எங்கள் தங்கைமாரில் பலர் ரயிலைப் படத்தில் மட்டுமே பார்த்து வளர்ந்தார்கள். 2014 ஒக்ரோபரில் ரயில் திரும்பவும் யாழ்ப்பாணம் வந்தபோது எங்கள் பிள்ளைகளுக்குச் சமமாக அவர்களும் துள்ளினார்கள்.) தாள் இல்லாததால் தவணைப் பரீட்சை வினாக்கள் கரும்பலகையில் எழுதப்பட்டன. பின்வரிசைக்காரர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வாசிப்பார்கள். யாருக்குக் கண்ணாடி தேவை என்பது அப்படித்தான் கண்டுபிடிக்கப்பட்டது. ஒரே கொப்பியில் முதலில் பென்சிலால் எழுதி, பிறகு அதன்மேல் பேனையால் எழுதினோம்.

விஞ்ஞான ஆய்வுகூடத்தைப் பற்றிக் கொஞ்சம் கூடச் சொல்ல வேண்டும். காட்டி வாங்க வழியில்லாத காலத்தில் செம்பரத்தம் பூவைச் சுடுநீரில் ஊறவைத்து அந்தச் சாற்றைக் காட்டியாகப் பாவித்தோம். அமிலத்தில் சிவக்கும், காரத்தில் பச்சையாகும். நியமிப்பு ஒன்றைச் செய்யவேண்டுமென்றால் வகுப்புக்கு ஒன்றுதான். ரீச்சர் அளவியின் வாயைத் திறக்க, முப்பது பேரும் சுற்றி நின்று மூச்சை அடக்கிக்கொண்டு துளிகளை எண்ணுவோம். நுணுக்குக்காட்டிக்கு விளக்கு வேண்டாம், அதன் அடியில் கண்ணாடி இருந்தது. யன்னலோரம் வைத்து வானத்தின் வெளிச்சத்தைப் பிடிக்க வேண்டும். "பிள்ளையள், வெயிலுக்கு நேரே பிடியாதையுங்கோ, கண் போயிடும்" என்று ரீச்சர் ஒவ்வொரு மேசையாக வந்து சொல்வார். வெங்காயத் தோலின் கலங்களை அந்த வெளிச்சத்தில்தான் முதன்முதலாகப் பார்த்தோம். பிற்காலத்தில் நல்ல கருவிகள் உள்ள ஆய்வுகூடங்களில் வேலை செய்தபோதும் அவ்வளவு கவனமாக எதையும் பார்த்திருப்போமா தெரியாது.

ஒன்றைத் தவறாமல் பதிவு செய்ய வேண்டும். இந்த ஆண்டுகள் முழுவதும் ஆசிரியர்களுக்கான சம்பளத்தைக் கொடுத்ததும் அரசாங்கம், பரீட்சையை நடத்தியதும் அரசாங்கம், தலைக்குமேல் பறந்த விமானங்களும் அதனுடையவை. வினாத்தாள்கள் கொழும்பிலிருந்து வந்து சேருமா என்ற கவலையும் குண்டு எங்கே விழும் என்ற கவலையும் ஒரே கிழமையில் வரும். சியாமாசெட்டி, அவ்ரோ, ஹெலி என்று சத்தத்தை வைத்தே பிரித்துச் சொல்லத் தெரிந்திருந்தது. மரங்களின் கீழ் பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை போட்ட பங்கர்கள் இருந்தன. சின்னப் பிள்ளைகள் முதலில் இறங்க வேண்டும், பிறகு நாங்கள், கடைசியாக ரீச்சர்மார். உள்ளே இருட்டும் தேரையும் சில வேளை பாம்பும். எங்கள் தமிழ் ரீச்சர் பங்கருக்குள்ளும் புணர்ச்சி விதியை விடமாட்டார். விமானம் போய்விட்டதா என்று காதைக் கொடுத்துக்கொண்டே தோன்றல், திரிதல், கெடுதலுக்கு உதாரணம் கேட்பார். வகுப்புக்குத் திரும்பும்போது பாடம் ஒரு பக்கம் நகர்ந்திருக்கும்.

1990 ஒக்ரோபர் 30ஆம் திகதி இந்தக் கட்டுரையில் தனியே நிற்க வேண்டும். அன்று யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் இரண்டு மணி நேரத்துக்குள் ஊரைவிட்டு வெளியேறச் சொன்னார்கள். சோனகதெருவும் ஐந்துசந்தியும் ஒஸ்மானியாக் கல்லூரிச் சுற்றாடலும் ஒரே நாளில் வெறுமையாகின. எங்கள் வகுப்பில் மூன்று பேர் இருந்தார்கள். ஒருத்தி கணிதத்தில் எப்போதும் முதல். ஒருத்தி இல்ல அஞ்சலோட்டத்தில் கடைசிக் கட்டம் ஓடுபவள். மற்றவள் அதிகம் பேசமாட்டாள், ஆனால் வகுப்பில் அழகான கையெழுத்து அவளுடையது. அதன்பின் பாடசாலை கூடிய நாளில் வகுப்பாசிரியை இடாப்புக் கூப்பிட்டபோது அந்த மூன்று பெயர்களையும் கூப்பிட்டார். பதில் வராதென்று அவருக்குத் தெரியும். சற்று நின்று, அடுத்த பெயருக்குப் போனார். தவணை முடியும்வரை அப்படியே கூப்பிட்டார். பெயர்களுக்கு நேரே பூச்சியம் போட்டார், கோடு கீறி வெட்டவில்லை. அந்த வயதில் அதை விளங்கிக்கொண்டவர்கள் எத்தனை பேர் என்று சொல்ல முடியாது. ஆனால் வகுப்பு அந்த நேரத்தில் அமைதியாகிவிடும் என்பது எல்லோருக்கும் நினைவிருக்கிறது.

பின்னர் வேறு கதிரைகளும் வெறுமையாகின. சிலர் கிளாலிக் கடல் கடந்து கொழும்புக்கும் அங்கிருந்து வெளிநாட்டுக்கும் போனார்கள். சிலர் இயக்கத்துக்குப் போனார்கள். அவர்களில் இருவரின் படங்களைப் பின்னர் சந்தி மதிலில் ஒட்டியிருந்த சுவரொட்டியில் பார்த்தோம். அடையாளம் காணக் கொஞ்ச நேரம் எடுத்தது, பெயர்கள் வேறாக இருந்தன.

1995 ஜனவரி 8ஆம் திகதி யுத்த நிறுத்தம் வந்தது. ஏப்ரல் 19 வரையான மூன்று மாதமும் சொச்சமும் எங்கள் பாடசாலை வாழ்க்கையின் திருவிழாக் காலம். பற்றரி வந்தது, வாசச் சவர்க்காரம் வந்தது. அதுவரை சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்ட வீடுகளில் உட்கார்ந்துகொண்டே பாட்டுக் கேட்க முடிந்தது. இல்ல விளையாட்டுப் போட்டி ஒலிபெருக்கியோடு நடந்தது. எந்த இல்லம் வென்றது என்பதில் எங்கள் வகுப்புக்குள் இன்றும் பிணக்கு உண்டு. அதை இங்கே தீர்க்க முயலவில்லை.

யூலை 9இல் நவாலித் தேவாலயத்தில் குண்டு விழுந்தது. செப்ரெம்பர் 22இல் நாகர்கோவிலில் பாடசாலைப் பிள்ளைகள் மேல் விழுந்தது. அதன்பின் பங்கருக்குள் இறங்கும்போது யாரும் சிரிக்கவில்லை.

ஒக்ரோபர் 30 மீண்டும் வந்தது. சரியாக ஐந்து ஆண்டுகள். இந்த முறை வலிகாமம் முழுவதையும் வெளியேறச் சொல்லி ஒலிபெருக்கி அறிவித்தது. இரவு, மழை, நாவற்குழிப் பாலத்தை நோக்கி ஒரே சனம். ஒரு மணித்தியாலத்தில் சைக்கிளில் போகிற தூரத்துக்கு ஒரு முழு இரவும் அடுத்த பகலில் பாதியும் எடுத்தது. எங்களில் ஒருத்தி உயர்தர உயிரியல் குறிப்புகளைப் பொலித்தீன் பையில் கட்டி வயிற்றோடு சேர்த்து வைத்திருந்தாள். அம்மா நகைப்பையைக் கொண்டுவரச் சொன்னபோது அவள் எடுத்துவந்தது இதை. (அந்தக் குறிப்புகளிலிருந்து அடுத்த ஆறு மாதமும் பதினொரு பேர் படித்தோம்.) தென்மராட்சியில் இன்னொரு பாடசாலை தன் வகுப்பறைகளை எங்களுக்குத் தந்தது. காலையில் அவர்கள், பின்னேரம் நாங்கள். இடம் போதாமல் கிடுகுக் கொட்டிலிலும் மாமரத்தின் கீழும் வகுப்புகள் நடந்தன. எங்கள் ரீச்சர்மார் தாங்களும் யாரோ ஒருவரின் விறாந்தையில் படுத்தெழும்பியே வந்தார்கள். அதிபர் அங்கும் காலைக் கூட்டத்தைப் பின்னேரத்தில் நடத்தினார். கல்லூரிக் கீதத்தை மற்றப் பாடசாலையின் முற்றத்தில் பாடினோம். அவர்களுடைய மாணவிகள் சிலர் வேலியோரம் நின்று கேட்டார்கள். அவர்களுக்கு நன்றி சொல்லி எங்கள் மலர்களில் இதுவரை ஒரு வரியும் வரவில்லை. இதில் வரட்டும்.

1996 ஏப்ரலுக்குப் பின் திரும்பி வந்தபோது யன்னல்கள் இல்லை, மேசைகளில் பாதி இல்லை. சம்பவத் திரட்டுப் புத்தகம் இல்லை, இடாப்புகள் இல்லை. வரலாற்றில் அந்த ஒரு வசனம் மட்டும் எஞ்சியதற்கு இதுவும் காரணம். எழுதியவர்கள் மறைத்தார்கள் என்று சொல்ல மாட்டோம். அவர்கள் கையில் ஒரு காகிதமும் இருக்கவில்லை.

ஆனால் ஒரு நிகழ்வுக்குக் காகிதம் உண்டு, வழக்குத் தீர்ப்பும் உண்டு. 1996 செப்ரெம்பர் 7ஆம் திகதி, சுண்டிக்குளி மகளிர் கல்லூரி மாணவி கிருஷாந்தி குமாரசுவாமி உயர்தர இரசாயனவியல் பரீட்சை எழுதிவிட்டுச் சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் செம்மணிச் சோதனைச் சாவடியில் மறிக்கப்பட்டு, படையினரால் வன்புணர்வுக்குள்ளாக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். தேடிப்போன தாயும் தம்பியும் அயலவரும் கொல்லப்பட்டனர். 1998இல் கொழும்பு மேல் நீதிமன்றம் குற்றவாளிகளுக்கு மரணதண்டனை விதித்தது. அவர் எங்கள் கல்லூரி அல்ல. ஆனால் எங்களுக்கு ஒரு வருடம் மூத்தவர்களின் பரீட்சை அது. அதே வினாத்தாளை எங்கள் அக்காமார் எழுதியிருந்தார்கள். அடுத்த வருடம் நாங்கள் எழுதினோம். பரீட்சை நாட்களில் யாரும் தனியே சைக்கிள் ஓடவில்லை. தகப்பன்மார் வாசலில் காத்து நின்றார்கள். தகப்பன் இல்லாத பிள்ளைகளை ரீச்சர்மார் தங்களோடு கூட்டிப்போய் வீட்டில் விட்டுவிட்டே திரும்பினார்கள். எந்தப் பரிசளிப்பு விழா அறிக்கையிலும் இது இல்லை. ரீச்சர்மார் அதைத் தங்கள் கடமைப் பட்டியலில் எழுதவும் இல்லை.

எங்கள் வகுப்பு இன்று ரொறன்ரோ, லண்டன், சிட்னி, கொழும்பு, யாழ்ப்பாணம் என்று கிடக்கிறது. சங்கத்தின் வெளிநாட்டுக் கிளைகள் பலமாக இருப்பதற்கு அந்த ஆறு ஆண்டுகளே காரணம். இந்த மலருக்காக, தொலைந்துபோன ஆண்டு 7 இடாப்பை நினைவிலிருந்து எழுத முயன்றோம். வகுப்பில் 43 பேர் என்பது எல்லோருக்கும் நிச்சயம். மூன்று கிழமை தொலைபேசியில் பேசியும் 38 பெயர்களுக்கு மேல் போகவில்லை. கடைசியில் புத்தளத்தில் இருக்கும் அந்த அழகான கையெழுத்துக்காரியின் இலக்கம் கிடைத்தது. அவள் இடாப்பு ஒழுங்கிலேயே பெயர்களைச் சொல்லிக்கொண்டு போனாள், தன் இலக்கம் 31 என்பதையும் சேர்த்து. இடாப்பின் மேலட்டையில் பெயர் எழுதுவதற்கு வகுப்பாசிரியை அவளிடம்தான் கொடுப்பாராம். எங்களுக்கு மறந்திருந்த மூன்று பெயர்கள் அவளிடமிருந்து வந்தன.

இப்போது 41. இலக்கம் 17உம் 26உம் யாரென்று தெரிந்தவர்கள் சங்கச் செயலாளருக்கு அறியத் தரவும்.