புதுச்சேரி: விடுதலைப் போராட்டமும் தன்னாட்சி உரிமையும்

செய்யூர்ப் பக்கத்திலிருந்து கடற்கரையோரமாக மரக்காணம் தாண்டித் தெற்கே போனால் காலாப்பட்டில் புதுச்சேரி தொடங்கும். சற்றுத் தூரத்தில் மறுபடி தமிழ்நாட்டு ஊர்கள், அதற்கப்பால் மீண்டும் புதுச்சேரி. ஐரோப்பியர் துண்டு துண்டாகப் பெற்ற நிலங்களின் எல்லை இன்றும் அப்படியே இருக்கிறது. 1816இல் பிரிட்டன் திருப்பித் தந்தபின் புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம், சந்திரநாகூர் ஆகியவை பிரான்சின் கையில் இருந்தன.

இங்கே உரிமைப் போராட்டத்தை முதலில் எழுப்பியவர்கள் பஞ்சாலைத் தொழிலாளர்கள். சங்கம் வைக்கும் உரிமையும் வேலை நேரக் குறைப்பும் கேட்டு அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1936 ஜூலை 30 அன்று பிரெஞ்சுப் படை சுட்டதில் 12 பேர் இறந்தனர். தொழிலாளர்களைத் திரட்டிய வ. சுப்பையா ‘சுதந்திரம்’ இதழை நடத்தியவர். பின்னாளில் கம்யூனிஸ்ட் தலைவர். அடுத்த ஆண்டே எட்டு மணி நேர வேலை சட்டமானது. புதுச்சேரி விடுதலையைத் தலைவர்களின் பேச்சுவார்த்தைக் கதையாக மட்டும் சொல்வது இந்தப் பன்னிருவருக்குச் செய்யும் அநீதி.

1947க்குப் பிறகு, எந்த நாட்டோடு இருப்பது என்பதை மக்களே முடிவு செய்ய 1948இல் இந்திய, பிரெஞ்சு அரசுகள் இரண்டும் ஒப்பின. 1949இல் சந்திரநாகூர் வாக்களித்து இந்தியாவைத் தேர்ந்தது. மற்ற இடங்களில் வாக்கெடுப்பு நடக்கவில்லை. இந்தியா சுங்கத் தடையை இறுக்கியது. பிரெஞ்சு ஆதரவாளராக இருந்த எதுவார் குபேர் 1954இல் இணைப்பின் பக்கம் வந்து, நெட்டப்பாக்கத்தில் தற்காலிக அரசு அமைத்தார். அதே ஆண்டில் ஏனாமும் மாஹேயும் போராட்டக்காரர்கள் வசம் வந்தன. அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடிய 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இணைப்பை ஆதரித்தனர். 8 பேர் எதிர்த்தனர். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. பொதுமக்கள் நேரடியாக வாக்களிக்கவில்லை என்ற குறை நியாயமானதே. ஆனாலும் 1997இல் சீனாவிடம் ஒப்படைக்கப்பட்ட ஹாங்காங் மக்களுக்கு இந்த அளவு வாய்ப்பும் கிடைக்கவில்லை.

1956 மே 28 ஒப்பந்தத்தின் ஒரு பிரிவு பின்னாளில் பெரிதாகப் பேசப்பட்டது: இப்பகுதிகளின் அரசியலமைப்பு நிலையை மாற்றுவதானால் மக்களின் விருப்பத்தை அறிய வேண்டும். பிரெஞ்சு நாடாளுமன்றம் ஏற்றபின், 1962 ஆகஸ்ட் 16 அன்று ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. 1979 ஜனவரியில், பிரதமர் மொரார்ஜி தேசாய் புதுச்சேரியைத் தமிழ்நாட்டோடு இணைக்கும் எண்ணத்தை வெளியிட்டபோது மக்கள் தெருவில் இறங்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. எண்ணம் கைவிடப்பட்டது. மொழி ஒன்றாயிருந்தும் தனித்தே இருப்போம் என்று அவர்கள் சொன்னது தமிழ்நாட்டின் மீதுள்ள வெறுப்பால் அல்ல. தங்களைக் கேட்காமல் தங்கள் ஊரைப் பற்றி முடிவெடுக்கக் கூடாது என்பதால்தான்.

யூனியன் பிரதேசமான புதுச்சேரியில் 1963இல் உருவான சட்டமன்றத்தின் முதல் முதல்வர் குபேர். மக்கள் தேர்ந்தெடுப்பவர்கள் 30 பேர். மத்திய அரசு 3 பேர் வரை நியமிக்கலாம். அமைச்சரவையும் துணைநிலை ஆளுநரும் முரண்பட்டால் விவகாரம் குடியரசுத் தலைவருக்குப் போகும். கிரண் பேடி ஆளுநராக இருந்தபோது, 2019 பிப்ரவரியில் முதல்வர் வே. நாராயணசாமியே கறுப்புச் சட்டையோடு ஆளுநர் மாளிகையான ராஜ்நிவாஸ் வாசலில் நாள்கணக்கில் தர்ணா இருந்தார். நியமன உறுப்பினர்களுக்கும் வாக்குரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்திருந்தது. தேர்ந்தெடுத்த ஆட்சி நியமனத்தின் முன் தயங்கி நிற்கும் இந்த அமைப்பு, கீழூரில் வாக்களித்தவர்கள் விரும்பிய விடுதலை ஆகாது. முழு மாநிலத் தகுதி கேட்டுச் சட்டமன்றம் பல முறை தீர்மானம் போட்டுள்ளது. 2023 மார்ச்சிலும் போட்டது. மத்திய அரசு தற்போதைய நிலையே தொடரும் என்று பதில் சொன்னது.