மருத்துவமனைத் தரச்சான்றும் நோயாளர் பாதுகாப்பும்: செங்கோட்டை – தென்காசி வட்டாரம்

மருத்துவமனைத் தரச்சான்று என்பது, ஒரு மருத்துவமனை நோயாளிக்குத் தீங்கு நேராதபடி இயங்குகிறதா என்று வெளியாட்கள் வந்து சோதித்து, குறித்த காலத்துக்குத் தரும் ஒப்புதல். சோதனைக்கான அளவுகோல் முன்கூட்டியே எழுதி வெளியிடப்பட்டிருக்கும். இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை இரண்டு: சிகிச்சையின்போது நேரும் தவிர்க்கக்கூடிய கேடுகளைக் குறைக்கும் நோயாளர் பாதுகாப்பு நெறிகள்; நோயாளியின் ஒப்புதல், உடலுறுப்பு, ஆய்வு, இறுதிக்காலம் ஆகியவற்றில் மருத்துவமனை எடுக்கும் முடிவுகளைக் கவனிக்கும் அறநெறிக் குழுக்கள்.

தென்காசிப் பக்கம் நல்ல மருத்துவரைக் ‘கைராசிக்கார டாக்டர்’ என்பார்கள். அந்த நம்பிக்கைக்குக் காரணம் உண்டு. அனுபவமுள்ள கை பல உயிர்களைக் காத்திருக்கிறது. ஆனால் கைராசிக்காரர் விடுப்பில் இருக்கும் இரவில் வரும் நோயாளிக்கும் அதே பாதுகாப்பு கிடைக்க வேண்டும். தரநெறி என்ற ஏற்பாடு பிறந்தது இதற்காகத்தான்.

வட்டாரப் பின்னணி

செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சி நிர்வாகத்தில் இருந்த ஊர். மொழிவழி மாநிலச் சீரமைப்பில் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. 2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலியிலிருந்து பிரிந்த தென்காசி மாவட்டத்தில் இன்று ஒரு வட்டத் தலைநகரம். மேற்கே புளியரை சோதனைச் சாவடி, அதைத் தாண்டினால் ஆரியங்காவு கணவாய், அப்பால் புனலூர். சிகிச்சை தேடும் மக்கள் செங்கோட்டை அரசு மருத்துவமனைக்கும் தென்காசி மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கும் போகிறார்கள். பெரிய நோய் என்றால் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ மலை தாண்டித் திருவனந்தபுரத்துக்கோ செல்கிறார்கள். ஆக, ஒரே குடும்பத்துக்கு இரண்டு மாநிலங்களின் மருத்துவச் சட்டங்கள் பொருந்துகின்றன.

இந்த வட்டாரத்தின் நோய்க்கும் தனி முகம் உண்டு. சாரல் காலத்தில் குற்றால அருவிகளில் குவியும் கூட்டத்தில் வழுக்கி விழுந்து எலும்பு முறிபவர்கள், மலைச்சாலை விபத்தில் சிக்குபவர்கள், வயலில் பாம்புக்கடிக்கு ஆளாகும் விவசாயிகள் என அவசரமாக வருபவர்கள் பலர். நோயாளி மருத்துவரைத் தேர்ந்தெடுக்க நேரமில்லாத நிலைகள் இவை. எந்தக் கதவு முதலில் திறக்கிறதோ, அங்கே பாம்புக்கடி மருந்து இருப்பில் இருக்கிறதா, அந்த மருந்து ஒவ்வாமல் போனால் போட வேண்டிய அட்ரினலின் ஊசி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா, 20 நிமிட ரத்த உறைதல் சோதனையை டூட்டியில் இருப்பவருக்குச் செய்யத் தெரியுமா என்பவையே உயிரைத் தீர்மானிக்கின்றன.

வரலாறு

மருத்துவமனைகளை அளந்து பார்க்கும் பழக்கம் அமெரிக்காவில் அமைப்பாகத் தொடங்கியது. அங்குள்ள அறுவை மருத்துவர் கல்லூரி 1917-இல் மருத்துவமனைகளுக்கான குறைந்தபட்சத் தரத்தை வகுத்தது. அடுத்து நடந்த முதல் ஆய்வில் 692 மருத்துவமனைகளில் 89 மட்டுமே தேறின. 1951-இல் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் கூட்டு ஆணையம் அமைந்தது. 1999-இல் வெளியான அமெரிக்க மருத்துவக் கழக அறிக்கை, அந்நாட்டு மருத்துவமனைகளில் ஆண்டுக்கு 44,000 முதல் 98,000 பேர் வரை சிகிச்சைத் தவறுகளால் இறக்கிறார்கள் என மதிப்பிட்டது. தவறு செய்தவரைத் தேடித் தண்டிப்பதை விட, தவறு நேர முடியாதபடி வேலைமுறையை மாற்றுவதே வழி என்ற எண்ணம் அதன் பிறகு உலகெங்கும் வலுப்பட்டது.

இந்தியத் தர மன்றம் 1997-இல் அமைந்தது. அதன் கீழ் 2005-இல் மருத்துவமனைகளுக்கான தேசிய அங்கீகார வாரியம் உருவானது. மக்கள் வழக்கில் இது என்.ஏ.பி.எச். அரசு மருத்துவமனைகளுக்கென மத்திய சுகாதார அமைச்சகம் 2013-இல் தேசியத் தர உறுதி நெறிகளை வெளியிட்டது; இது என்.க்யூ.ஏ.எஸ். தூய்மைக்கான காயகல்ப் விருது 2015-இலும், பிரசவ அறைக்கும் மகப்பேறு அறுவை அரங்குக்குமான லக்ஷ்யா திட்டம் 2017-இலும் வந்தன.

பதிவும் தரச்சான்றும்

பதிவு கட்டாயம், தரச்சான்று விருப்பம். இந்த வேறுபாடு பலருக்கும் தெரிவதில்லை. தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனை, கிளினிக், பரிசோதனைக்கூடம் ஆகியவை 1997-ஆம் ஆண்டின் மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி பதிவு செய்ய வேண்டும். அந்தச் சட்டத்துக்கான விதிகள் 2018-இல்தான் வந்தன. 21 ஆண்டுகள் சட்டம் ஏட்டளவில் இருந்தது. மாவட்ட அளவில் மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகம் இதைக் கவனிக்கிறது. கேரளத்தில் இதே நோக்கத்துக்கு 2018-ஆம் ஆண்டின் தனிச்சட்டம் உண்டு.

பதிவு என்பது கதவைத் திறக்கும் அனுமதி. அதுகூட இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதை ஏர்வாடி காட்டியது. ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று உரிமம் இல்லாத மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தனர். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து இதை விசாரணைக்கு எடுத்தது. இன்றைய மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, நோயாளியைச் சங்கிலியிடுவதை வெளிப்படையாகத் தடை செய்கிறது.

தரச்சான்று வழங்கும் முறை

என்.க்யூ.ஏ.எஸ். எட்டுத் தலைப்புகளில் மருத்துவமனையைப் பார்க்கிறது: சேவை வழங்கல், நோயாளர் உரிமை, கட்டடம்-ஆள்-மருந்து-கருவி இருப்பு, துணைப் பணிகள், சிகிச்சை, தொற்றுத் தடுப்பு, தர மேலாண்மை, விளைவு. ஒவ்வொரு சோதனைப் புள்ளிக்கும் முழுமையாக நிறைவேறினால் 2, பாதியளவு என்றால் 1, இல்லையென்றால் 0 மதிப்பெண். மதிப்பீட்டாளர்கள் உண்மையை நான்கு வழிகளில் அறிகிறார்கள்: கண்ணால் பார்ப்பது, ஊழியரிடம் கேட்பது, பதிவேட்டைப் புரட்டுவது, நோயாளியிடம் பேசுவது. முதலில் மருத்துவமனையே தன்னை மதிப்பிடும்; பின்பு மாநிலக் குழு; கடைசியாக தேசியக் குழு. 70 விழுக்காடோ அதற்கு மேலோ பெற்று, பிற நிபந்தனைகளையும் நிறைவேற்றினால் மூன்று ஆண்டுக்குச் சான்று.

என்.ஏ.பி.எச். பெரும்பாலும் தனியார் மருத்துவமனைகள் நாடும் சான்று. 2020-இல் வந்த அதன் ஐந்தாம் பதிப்பில் 10 அத்தியாயங்கள், 100 தரநெறிகள், 651 அளவிடும் கூறுகள் இருந்தன. சிறிய மருத்துவமனைகளுக்கென எளிதான நுழைவுநிலைச் சான்றும் உண்டு. அரசுக் காப்பீட்டுத் திட்டங்களிலும் தனியார் காப்பீட்டிலும் இடம்பெற இந்தச் சான்று உதவுவதால், சிற்றூர் மருத்துவமனைகளும் இதை நாடுகின்றன.

நோயாளர் பாதுகாப்பு

பாதுகாப்பு நெறிகள் பார்வைக்கு மிகச் சாதாரணமானவை. மருந்து கொடுக்கும் முன் நோயாளியின் பெயரையும் இன்னொரு அடையாளத்தையும் சரிபார்ப்பது. ‘மாரியப்பன்’ என்று கூப்பிட்டால் மூன்று பேர் திரும்பிப் பார்க்கும் வார்டில் இது சிறு வேலையல்ல. தொலைபேசியில் டாக்டர் சொன்ன மருந்தை நர்ஸ் எழுதி, திரும்பப் படித்துக் காட்டுவது. அடர்பொட்டாசியம் போன்ற ஆபத்தான ஊசி மருந்துகளைத் தனியே பூட்டி வைப்பது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஐந்து தருணங்களில் கை கழுவுவது. வயதானவர் கட்டிலிலிருந்து விழாமல் பக்கத் தடுப்பை உயர்த்துவது.

அறுவை சிகிச்சைக்கு உலக சுகாதார நிறுவனம் 2008-இல் 19 கேள்விகள் கொண்ட சரிபார்ப்புப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. மயக்க மருந்துக்கு முன், கத்தி வைப்பதற்கு முன், நோயாளி அரங்கை விட்டுப் போவதற்கு முன் என மூன்று கட்டங்களில் அதை வாய்விட்டுப் படிக்க வேண்டும். டெல்லி உட்பட எட்டு நகரங்களில் நடந்த சோதனையில், அறுவைக்குப் பிந்தைய இறப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. ஒரு தாள் செய்த வேலை அது.

தொற்றுத் தடுப்பு தவறினால் என்ன விலை என்பதற்குத் தமிழ்நாட்டில் சான்று உண்டு. 2008-இல் பெரம்பலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் இலவச முகாம் வழியாகக் கண்புரை அறுவை செய்துகொண்ட, விழுப்புரம் மாவட்டத்து ஏழைகள் 66 பேருக்குத் தொற்று ஏற்பட்டு அறுவை செய்த கண்ணில் பார்வை போனது. முகாமுக்கு வந்தவர்கள் இலவச சிகிச்சை என்று நம்பி வந்தவர்கள். அந்த நம்பிக்கைக்குத் துணையாக இருந்திருக்க வேண்டியது தரநெறி ஒன்றுதான்.

சாத்தூர் நிகழ்வு

தென்காசியை அடுத்த விருதுநகர் மாவட்டத்தில் 2018 டிசம்பரில் நடந்தது, தரநெறி பேசும் எவரும் மறக்கக்கூடாத நிகழ்வு. சாத்தூர் அரசு மருத்துவமனையில் கருவுற்ற பெண் ஒருவருக்கு ரத்தம் ஏற்றினார்கள். சிவகாசி அரசு ரத்த வங்கியிலிருந்து வந்த அந்த ரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது. ரத்தம் கொடுத்த இளைஞர், வெளிநாட்டு வேலைக்கான சோதனையில் தனக்குத் தொற்று இருப்பதை அறிந்ததும், தானே மருத்துவமனைக்குத் தகவல் சொன்னார். தவறு வெளியே வந்தது அவருடைய நேர்மையால். அவர் பின்னர் தற்கொலை செய்துகொண்டார். அவருக்குத் தொற்று இருப்பது 2016-இலேயே ஒரு ரத்ததான முகாமில் தெரியவந்தும், அந்தத் தகவல் அவரிடம் போய்ச் சேரவில்லை.

தானமாகப் பெறும் ஒவ்வொரு அலகு ரத்தத்துக்கும் எச்.ஐ.வி., இரு வகைக் கல்லீரல் அழற்சி, மேகநோய், மலேரியா ஆகிய ஐந்து சோதனைகள் சட்டப்படி கட்டாயம். ஆக, விதி இல்லாததால் நேர்ந்த கேடு அல்ல இது. இரண்டு ஆண்டு இடைவெளியில் வெவ்வேறு கைகளில் நேர்ந்த சிறு விடுபடல்கள் ஒரே நேர்க்கோட்டில் வந்து நின்றன. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019-இல் அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது.

மருத்துவக் கழிவும் எல்லையும்

மருத்துவமனையின் பாதுகாப்பு அதன் சுற்றுச்சுவரோடு முடிவதில்லை. 2016-ஆம் ஆண்டின் உயிர்மருத்துவக் கழிவு விதிகள் நான்கு நிறங்களை வகுக்கின்றன: திசுவும் ரத்தம் தோய்ந்த பஞ்சும் மஞ்சள் பையில்; டியூப், டிரிப்ஸ் செட் போன்ற பிளாஸ்டிக் சிவப்புப் பையில்; ஊசியும் பிளேடும் துளைக்க முடியாத வெள்ளைப் பெட்டியில்; கண்ணாடிக் குப்பி நீலப் பெட்டியில். 48 மணி நேரத்துக்கு மேல் கழிவைத் தேக்கக்கூடாது.

இந்த விதி மீறப்பட்டதன் சுமையை இந்த எல்லைப்பகுதி நேரடியாகச் சுமந்திருக்கிறது. 2024 டிசம்பரில் திருநெல்வேலி அருகே நடுக்கல்லூர், கொடகநல்லூர், பழவூர்ப் பகுதிகளில் கேரள மருத்துவமனைக் கழிவுகள் கொட்டப்பட்டிருப்பது வெளிவந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டு, அவற்றை அகற்றுமாறு கேரளத்துக்கு உத்தரவிட்டது. லாரிகள் வந்து கழிவைத் திரும்ப எடுத்துச் சென்றன. எங்கோ ஒரு வார்டில் சரியான பையில் விழாத ஊசி, மலை இறங்கி வந்து, மாடு மேய்க்கும் சிறுவனின் காலில் குத்தக்கூடும். எனவே கழிவு மேலாண்மை என்பதும் நோயாளர் பாதுகாப்பின் ஒரு பகுதியே.

அறநெறிக் கண்காணிப்பு

மருத்துவமனையின் அறநெறியைக் கவனிக்கும் அமைப்பு ஒன்றல்ல. முடிவின் தன்மைக்கேற்பப் பல.

மருந்து ஆய்வுகளுக்கு, 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனை விதிகளின்படி பதிவு பெற்ற அறநெறிக் குழு வேண்டும். குறைந்தது ஏழு உறுப்பினர்கள், பாதிப்பேராவது அந்த நிறுவனத்தைச் சாராதவர்கள், தலைவரும் வெளியாள். ஒரு பெண், ஒரு சட்ட வல்லுநர், மருத்துவம் படிக்காத ஒரு பொதுமனிதர் ஆகியோர் கட்டாயம் இடம்பெற வேண்டும். ஆய்வுக்கு உட்படுபவரின் இடத்தில் நின்று கேள்வி கேட்பதே அந்தப் பொதுமனிதரின் வேலை.

உறுப்பு மாற்றுக்கு 1994-ஆம் ஆண்டின் சட்டம் உண்டு. நெருங்கிய உறவினர் அல்லாதவர் உறுப்பு தர முன்வந்தால், பணம் கைமாறவில்லை என்பதை ஒப்புதல் குழு உறுதி செய்ய வேண்டும். மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புக் கொடையில் தமிழ்நாடு 2008 முதல் முன்னோடியாக விளங்குகிறது. கொடையாளர்களின் உடலுக்கு அரசு மரியாதை செய்யும் அறிவிப்பு 2023 செப்டம்பரில் வந்தது. செயற்கை உயிர்த்தாங்கியை விலக்குவது குறித்து உச்ச நீதிமன்றம் 2018-இல் தந்த தீர்ப்பும் 2023-இல் செய்த திருத்தமும் இரு மருத்துவக் குழுக்களின் இசைவைக் கேட்கின்றன.

இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒப்புதல். 2008-இல் சமீரா கோலி வழக்கில், ஒரு சிகிச்சைக்குப் பெற்ற ஒப்புதலை வைத்து வேறு சிகிச்சை செய்யக்கூடாது என உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. புரியாத மொழியில் அச்சிட்ட தாளில் அவசரமாக வாங்கும் கைநாட்டு ஒப்புதலாகாது. செங்கோட்டைக்காரர் மலை தாண்டிச் சிகிச்சைக்குப் போகும்போது, ஒப்புதல் படிவம் தமிழில் இருக்கிறதா, யாராவது தமிழில் விளக்கினார்களா என்பது அவரது உரிமை சார்ந்த கேள்வி.

நோயாளியின் கையில் உள்ளவை

தேசிய மனித உரிமை ஆணையம் 2018-இல் 17 உரிமைகள் அடங்கிய நோயாளர் உரிமைச் சாசனத்தை முன்வைத்தது. நடைமுறையில் ஒரு குடும்பம் கேட்டுப் பெறக்கூடியவை சில. மருத்துவ ஆவணங்களின் நகலை, கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவர் ஒழுங்குநெறி விதி. அவசர நிலையில் எந்த மருத்துவமனையும் முதலுதவியை மறுக்கக்கூடாது என்பது உச்ச நீதிமன்றத்தின் 1989 பரமானந்த கட்டாரா தீர்ப்பு. சாலை விபத்துக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவைக் குறித்த வரம்புவரை தமிழக அரசின் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 முதல் ஏற்கிறது.

தனியார் மருத்துவமனையின் குறைபாட்டுக்கு நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். 1995-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த சாந்தா வழக்கு அந்த வழியைத் திறந்தது. எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை அதில் அடங்காது. அங்கே கண்காணிப்பாளர், இணை இயக்குநர், 104 தொலைபேசி, முடிவில் உயர் நீதிமன்றம் என்பதே பாதை. அரசு மருத்துவமனைதோறும் உள்ள நோயாளர் நலச் சங்கமும் ஊர்மக்கள் குரல் ஒலிக்க வேண்டிய இடம்.

மதிப்பீடு

தரச்சான்றின்மீது உள்ள குறை வெளிப்படையானது. ஆய்வுக்கு முந்தைய வாரத்தில் பதிவேடுகளை நிரப்பி, சுவருக்கு வெள்ளையடித்து, சான்று வந்தபின் பழைய நிலைக்குத் திரும்பும் ஆபத்து எங்கும் உண்டு. நர்ஸ் பற்றாக்குறை தீராமல் நர்ஸிடம் மேலும் ஒரு படிவத்தை நீட்டுவது பாதுகாப்பைக் கூட்டாது. சிறிய மருத்துவமனைக்குச் செலவும் சுமை.

ஆயினும் தவறைப் பதிந்து, அதிலிருந்து கற்கும் முறை பலன் தருகிறது என்பதற்குத் தமிழ்நாட்டின் மகப்பேறு இறப்புத் தணிக்கை சான்று. ஒவ்வொரு தாயின் இறப்பையும் ஏன், எங்கே, எந்தத் தாமதத்தால் என்று குழு அமர்ந்து ஆராயும் பழக்கம் இங்கே 1990-களில் தொடங்கியது. பிரசவ சேவைகளின் விரிவாக்கத்தோடு இதுவும் சேர, லட்சம் உயிருள்ள பிறப்புக்குத் தாய் இறப்பு விகிதம் 2018–20 காலத்தில் 54 ஆகக் குறைந்திருந்தது.

சாரல் மழையில் அருவிக்கரையில் விழுந்தவரும் வரப்பில் பாம்பு தீண்டியவரும் இன்று யார் டூட்டி என்று பார்த்து வருவதில்லை. யார் டூட்டியாக இருந்தாலும் செய்ய வேண்டியது விடுபடாமல் நடக்கும் மருத்துவமனையில், கைராசி ஒரு டாக்டரோடு நிற்காமல் அந்தக் கட்டடத்துக்கே வந்துசேர்கிறது.