நாலு பேர் முன்னால பேசுன பணம்



நம்ம மாநிலத்தில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கின. பிறகு மகளிர் திட்டத்தின் மூலம் ஊர் ஊராகப் பரவின. அன்றிலிருந்து ஒரு வழக்கம் மட்டும் மாறவில்லை. பணத்தை நாலு பேர் முன்னால் எண்ணுவோம். தீர்மான நோட்டில் எல்லோரும் கையெழுத்துப் போடுவோம். வங்கியில் ஒருத்தி மட்டும் போய்ப் பணம் எடுக்க முடியாது. கைநாட்டு வைக்கிற அம்மாவின் காசுக்கும் இதுதானுங்க காவல்.

அந்தக் காவல் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதைக் கொங்கு நாடு பார்த்திருக்கிறது. 2008-09-இல் திருப்பூர் பாசி நிறுவனம், இணையத்தில் அந்நியச் செலாவணி வியாபாரம், நல்ல லாபம் என்று சொல்லிச் சுமார் 930 கோடி ரூபாய் மோசடி செய்தது. 2022 ஆகஸ்டில்தான் கோவை நீதிமன்றம் இரண்டு இயக்குநர்களுக்கு 27 ஆண்டு சிறை விதித்தது. இடையில் 2012-இல் பெருந்துறை ஈமு கோழிப் பண்ணையும் கவிழ்ந்தது. விளம்பரம் பாதி என்றால், "எங்க பங்காளி போட்டிருக்காரு, மாசாமாசம் வருது" என்ற பேச்சு மீதி.

இப்போ அந்த வலை போனுக்குள்ளேயே வந்துவிட்டது. 2016-இல் யுபிஐ வந்தது. அலைச்சல் குறைந்தது, நல்லதுதான். ஆனால் பின் நம்பரும் ஓடிபியும் ஒருத்தி கையில் மட்டும் இருக்கின்றன. ஏமாற்றுக்காரன் பூட்டை உடைப்பதில்லை, நம்மைத் தனியாக்குகிறான். "போலீஸ் பேசறோம், உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் பண்ணியிருக்கோம். யார்கிட்டயும் சொல்லாதீங்க, உடனே பணம் அனுப்புங்க" என்கிறான். அப்படி ஒரு கைது நம் சட்டத்திலேயே கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் இதைச் சொன்னார். "யார்கிட்டயும் சொல்லாதீங்க", "உடனே" என்ற இரண்டும் நம் தீர்மான நோட்டுக்கு நேர் விரோதமான பேச்சு.

பணம் போனபின் வாய் திறக்காமல் இருப்பது அதைவிடப் பெரிய நஷ்டம். "வூட்டுக்காரரு வைவாரு, குழுவுல சிரிப்பாங்க" என்று இரண்டு நாள் மூடி வைத்தால், அதற்குள் பணம் பல கணக்கு தாண்டிப் போய்விடும். உடனே 1930-க்குப் போன் செய்தால், போகிற வழியிலேயே அதை முடக்க வாய்ப்பு உண்டு.

அதனால் கூட்டமைப்பின் முன் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். கூட்டத்தில் சேமிப்பை எண்ணி முடித்ததும், "யாருக்காச்சும் புதுசா போன் ஏதும் வந்துச்சுங்களா?" என்று ஊக்குநர் கேட்கட்டும். ஏமாந்தவளை யாரும் ஒரு சொல் ஏசக்கூடாது என்று ஒவ்வொரு குழுவும் தீர்மானம் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். பயமில்லாமல் சொல்ல ஓர் இடம் இருந்தால்தான், அந்த 1930-ஐ அவள் நேரத்தோடு அழுத்துவாள்.